இன்பில்ட்ல ஓடாது

— ஓடாது பாய். எழுதி வெச்சுக்குங்க. இன்பில்ட்ல ஓடவே ஓடாது.

— அரே நவநீதன் தம்பி, கடை ஷட்டரே இன்னும் பாதிதான் ஏறியிருக்குது. உள்ள வந்து ஒக்காரு, அப்பறமா எழுதி வெக்கறேன். கையில என்னப்பா அது, கம்பளி போத்தி?

— மொதல்ல ஒரு பக்கம் புடிங்க. மெதுவா, மெதுவா! பாலக்கோட்டுல இருந்து மொரப்பூர் வரைக்கும் தக்காளி வண்டியில மடியிலயே வெச்சுக் கொண்டாந்திருக்கறேன். ஒரு எடத்துல கூட இடிக்கல.

— யா அல்லா, பச்சக் கொழந்தையக் கூட இப்பிடி யாரும் தூக்கிட்டு வர மாட்டாங்க. கம்ப்யூட்டரா? என்ன ரிப்பேரு?

— நம்ம பெட்டிக்கு ரிப்பேரா! வாயக் கழுவுங்க பாய். இது பஞ்சாயத்துக்கு வந்திருக்குது. நீங்கதான் நடுவரு.

— கவுஸ் பாஷா கம்ப்யூட்டர் சர்வீஸுன்னுதான் போர்டு போட்டிருக்கறேன். பஞ்சாயத்துன்னு எங்கயும் போடலையே?

— கேளுங்க. நாங்க மலை ரோட்டுல கார் ஓட்டற கேம் ஆடறோம் இல்ல? சேலத்துல போட்டி வெக்கறாங்க. டீமுக்கு மூணு பேரு. நான் கேப்டன். மாதவராஜ் ரெண்டாவது. மூணாவது எடத்துக்கு நல்லா ஓட்டறவங்க வீடியோ அனுப்புங்கன்னு குரூப்புல கேட்டேன். எங்க அத்த மவ கலைமதி அனுப்பறா ஒண்ணு. கேம்ல இருக்கறதுலயே கஷ்டமான ரோடு, கொட்டற மழை, தொப்பூர் கணவாய் தோத்துப் போவும், அப்பிடி வளைவு. அதுல எனக்கு சமமா வண்டிய எறக்கியிருக்கறா.

— நல்லதுதானப்பா. சொந்தத்துலயே ஆளு கெடச்சுது.

— எதுல எறக்கியிருக்கறா கேளுங்க. காலேஜுக்குக் கொண்டு போற லேப்டாப்புல! கிராபிக்ஸ் கார்டே கெடையாது. வெறும் இன்பில்ட்!

— அட.

— நீங்களே அட போடறீங்க பாருங்க. நான் குரூப்புலயே சொல்லிட்டேன், இது திருட்டு வீடியோ, எவனோ கார்டு வெச்சவன் ஓட்டுனது, இவ தன் பேரைப் போட்டு அனுப்பியிருக்கறான்னு.

— குரூப்புல எத்தன பேரு?

— பாதி ஜில்லா இருக்கும்.

— சொந்த அத்த மவளைத் திருடின்னு பாதி ஜில்லாவுக்குச் சொல்லிட்டு, மடியில பெட்டியோட வந்திருக்கற. நல்லாத்தான் இருக்குது.

— கேப்டன்னா சொந்தம் பந்தம் பாக்கக் கூடாது பாய். அவளே வர்றேன்னு சொல்லியிருக்கறா. நேர்ல ஓட்டிக் காட்டறாளாம். ஓட்டட்டும்! நம்ம பெட்டியும் அவ லேப்டாப்பும் ஒரே மேசையில, ஒரே ரோட்டுல, ஒரே மழையில. நீங்க நடுவுல நின்னு பாருங்க.

— நான் கார்டு விக்கறவன் தம்பி. வர்ற போற புள்ளைங்களுக்கெல்லாம் கார்டு போட்டாத்தான் கேம் ஓடும்னு சொல்லித்தான் பொழப்பு ஓடுது. என்னையப் போயி நடுவரா வெச்சா அந்தப் பொண்ணுக்கு நியாயம் கெடைக்குமா?

— அதனாலதான் பாய் உங்கள வெச்சேன்.

— கேட்டுச்சுங்க மாமா. ரோட்டுல இருக்கறப்பவே கேட்டுச்சு.

— வா கலை, வா. உனக்கு நேரா சொல்றதுக்கு எனக்கென்ன பயம்?

— பயமில்லாதவங்கதான் குரூப்புல போட்டு ஒரு வார்த்தை போன்ல கூட கேக்காம இருந்தீங்களா? வணக்கம் பாய். இந்த டீவிப் பெட்டி மேல இருக்கற ரெண்டு செங்கல்லை எடுத்துக்கட்டுங்களா?

— எடுத்துக்க பாப்பா. எதுக்கும்மா செங்கல்லு?

— லேப்டாப்பு அடியில காத்து வாங்கணும் பாய். சூடு ஏறுச்சுன்னா தானா வேகத்தைக் கொறைச்சுக்கும். வூட்லயும் ரெண்டு செங்கல்லு மேலதான் வெச்சு ஓட்டறேன்.

— செங்கல்லு வெச்சு சோறாக்கலாம் புள்ள, ரேஸ் ஓட்ட முடியுமா? பாருங்க பாய், பாருங்க, இதுதான் மெசினு. இதுலதான் என்னோட சமமா ஓட்டுனாளாம்.

— சோறும் ஆக்குவேன், ரேஸும் ஓட்டுவேன் மாமா. பிளக் பாயிண்ட் எங்க இருக்குது பாய்? சார்ஜர்ல போட்டாத்தான் இது முழு மூச்சா வேலை செய்யும்.

— உன் பின்னாடியே இருக்குது. தம்பி, உனக்கு அந்த மானிட்டரை எடுத்துக்க. வயரு குடு, நான் சொருகித் தர்றேன்.

— வேணாம் பாய், வேணாம்! நம்ம பெட்டிப் பின்னாடி என்னையத் தவுர யாரும் கை வெக்கக் கூடாது. கார்டை பெங்களூர்ல வாங்கியாந்து, வீடியோ பாத்து நானே மாட்டி, நானே வயரு சொருகுனது. இப்பவும் வூட்ல எப்பிடியோ அப்பிடியே சொருகறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க, அவ என்ன திருட்டு வேலை பண்றான்னு.

— இந்தத் திருட்டுன்ற வார்த்தைய மட்டும் வுட்ருங்க மாமா. சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா எனக்கு சிரிப்பு வரல. எங்கப்பா என்னைய முன்னால ஒக்கார வெச்சு, ஏம்மா யாரோ ஓட்டுனத உன்துன்னு அனுப்புனியாமேன்னு கேட்டாரு. மோட்டார் ரூமுக்கு வந்தவங்க யாரோ சொல்லியிருக்கறாங்க. அன்னிக்கு நான் சாப்புடல. நீங்க என்னைய நல்லா ஓட்டலன்னு சொல்லியிருந்தா வாங்கிக்கிட்டு இன்னும் பழகியிருப்பேன்.

— உங்கப்பா காது வரைக்கும் போவும்னு... அட, நான் என்ன பொய்யா சொன்னேன்? நியாயத்தைத்தான சொன்னேன்? இன்பில்ட்ல அந்த மழையெல்லாம் வராது கலை. உலகத்துக்கே தெரியும்.

— இருங்க இருங்க, ரெண்டு பேரும் இருங்க. நடுவரு நான்தான? பாப்பா, நானும் வெளிப்படையா சொல்லிடறேன். தனிக் கார்டுன்னா படம் வரையறதுக்குன்னே சம்பளத்துக்கு ஒரு ஆளு வெச்ச மாதிரி. இன்பில்ட்னா, கணக்குப் பாக்கற ஆளே கையோட கையா படமும் வரையணும். அவனுக்குன்னு தனி மெமரி கூட கெடையாது, கம்ப்யூட்டரோட மெமரியிலதான் பங்கு வாங்கிக்கணும். இவ்வளவு கனமான கேமை நீ எப்பிடி ஓட்டற?

— கனத்தை எறக்கி வெச்சுட்டு ஓட்டறேன் பாய். இங்க வந்து பாருங்க, ஒண்ணொண்ணா காட்டறேன். நிழலு, ஆஃப். தூரத்துல தெரியற மலை, பாதி. தண்ணியில கார் தெரியறது, ஆஃப். ரோட்டோரம் நின்னு கை தட்டற ஜனம், ஆஃப். புல்லு, ஆஃப்.

— புல்லு கூட இல்லாம என்ன ரேஸு அது?

— புல்லு எதுக்குங்க மாமா, மாடா மேய்க்கப் போறோம்? எனக்கு ரோடு தெரியணும், எதிர்ல வர்ற வளைவு தெரியணும். மத்ததெல்லாம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

— படத்தோட அளவையும் கொறைச்சிருக்கற போல?

— ஆமாங்க பாய். கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். அப்பறம் முக்கியமா ஒண்ணு. வாங்குறப்ப இதுல ஒத்த மெமரிதான் இருந்துச்சு. ஒரே அளவுல இன்னொண்ணு ஜோடியா போட்டேன். அன்னிக்குத்தான் இது எந்திரிச்சு நின்னுச்சு. ஒத்த மாடு இழுத்த வண்டியில ரெட்டை மாடு கட்டுன மாதிரி.

— அது வாஸ்தவம். இன்பில்ட்டுக்கு ஜோடி மெமரிதான் தெம்பு. யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் சொல்லல பாய். திக்கித் திக்கி நின்னுச்சு, கடுப்பாச்சு, தேடிப் படிச்சேன்.

— கதை நல்லா இருக்குது. எங்கிட்ட இந்தச் சிக்கனமெல்லாம் கெடையாது பாய். புல்லு இருக்கும், ஜனம் இருக்கும், எல்லாம் இருக்கும். எல்லாத்தையும் மீடியத்துல வெச்சிருக்கறேன்.

— மீடியமா? கார்டு இவ்வளவு பெருசா தெரியுது, ஏம்ப்பா முழுசா ஏத்தி வெக்கல?

— முழுசா வெச்சா லேசா திக்கும். அது கேமோட குத்தம் பாய். இன்னும் ஒரு அப்டேட் வந்தா சரியாயிரும்.

— சரிங்க மாமா. அப்டேட் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பமா, ஓட்டலாமா?

— வா புள்ள, வா. கேப்டன் யாருன்னு காட்டறேன்.

— இருங்க இருங்க. ரெண்டுலயும் ஓரத்துல அந்தப் படக்கணக்கு நம்பரை வரவெச்சுக்குங்க. செகண்டுக்கு எத்தன படம் வரையுதுன்னு நான் பாக்கணும். ஆங், வந்துருச்சு. தம்பி, உன்து அம்பது சொச்சம். பாப்பா, உன்தும்... அரே! உன்தும் அம்பதைத் தொடுதே?

— மழை வரட்டும் பாய், அப்பறம் பாருங்க. எறங்கி ஊர்ந்துக்கிட்டு போவும்.

— மழை வந்தா நாப்பதுக்கு வரும் மாமா. அதுக்குக் கீழ போவாது. ரெடியா?

— ரெடி.

— ஒண்ணு, ரெண்டு, மூணு, வுடுங்க! அட என்னா சீறு! தம்பி முன்னாடி. தம்பிதான் முன்னாடி. பாப்பா ஒட்டிக்கிட்டே வருது. மொத வளைவு, ரெண்டு பேரும் சுத்தமா எடுத்துட்டாங்க.

— பின்னாடி ஆள் தெரியலையே கலை? நின்னுருச்சா?

— உங்க வண்டி டிக்கியப் பாத்துக்கிட்டுதான் வர்றேன், ரோட்டைப் பாருங்க மாமா.

— மழை புடிச்சுக்கிச்சு! பாப்பாவுக்கு நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி ஒண்ணு... நிக்குதுப்பா. நெசமாவே நிக்குது. கீழ எறங்கவே இல்ல.

— நம்பரைப் பாக்காதீங்க பாய், ரோட்டைப் பாருங்க!

— ரோட்டைத்தான் பாக்கறேன், அந்தப் பொண்ணு உன்னையத் தாண்டிக்கிட்டு போவுது!

— உள் பக்கத்துல எடம் வுட்டுட்டீங்க மாமா. நன்றி.

— ஏய்! அது எப்பிடி... இரு இரு, எங்க போயிருவ.

— கடைசி எறக்கம். பாப்பா முன்னாடி. தம்பி ஒட்டி வர்றான். கொண்டை ஊசி வளைவு, பாத்து, பாப்பா, பிரேக்கு, பிரேக்கு... அய்யோ!

— ச்சே!

— அகலமாப் போயிட்டா! உள்ள பூந்துட்டேன்! பாய், கோடு! கோட்டைத் தாண்டுனது யாரு? சொல்லுங்க, யாரு?

— தம்பிதான். ஒரு கார் நீளம்தான், ஆனா தம்பிதான்.

— கேட்டுக்க ஊரே! இன்பில்ட்ல ஓடுமா? ஓடாது! மெசின் நின்னுச்சா இல்லையா கடைசி வளைவுல?

— மெசின் நிக்கல மாமா. நான்தான் பிரேக்கை லேட்டாப் புடிச்சேன். முன்னாடி வந்துட்டோம்னு தலைகால் புரியாம மெதப்புல வந்துட்டேன். தப்பு என்னோடது, லேப்டாப்போடது இல்ல.

— சாக்கு.

— சாக்கு இல்லப்பா. நான் நம்பரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் நாப்பது இருந்துச்சு. கார்டு விக்கறவன் வாயாலயே சொல்றேன், இந்த லேப்டாப்புல அந்த கேமு ஓடுது. நல்லாவே ஓடுது. அந்த வீடியோ இந்தப் பொண்ணு ஓட்டுனதுதான்.

— அது போதும் பாய் எனக்கு. தோத்தது வலிக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க சொன்னதை மாமா குரூப்புல சொல்லணும். அதுக்குத்தான் காலேஜை வுட்டுட்டு பஸ் ஏறி வந்தேன்.

— சொல்றேன் கலை. நவநீதன் வாய் பெருசுதான், ஆனா பேச்சு மாற மாட்டான். இந்தா, இப்பவே உன் முன்னாடியே வாய்ஸ் அனுப்பறேன். அல்லாரும் கேளுங்க, கேப்டன் பேசறேன். கலைமதி அனுப்புன வீடியோ நெசம். மொரப்பூர்ல கவுஸ் பாய் முன்னாடி ஓட்டிக் காட்டிட்டா. திருட்டுன்னு சொன்னது என் தப்பு. அவங்க அப்பாவும் இதைக் கேக்கணும், யாராவது போய்ப் போட்டுக் காட்டுங்க.

— நன்றிங்க மாமா.

— இரு, இன்னும் முடிக்கல. ஆனா இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நேருக்கு நேர் ஓட்டுனா கடைசியில கார்டுதான் ஜெயிக்குது, இன்பில்ட் ஜெயிக்காது. அதனால இன்னிக்கு இருந்து ரூலு போடறேன். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆளுக்கு நம்ம டீம்ல எடம் கெடையாது. இன்பில்ட்ல ஓட்டறவன் எவனா இருந்தாலும், என் கூடப் பொறந்தவனா இருந்தாலும், வெளியதான். அவ்வளவுதான். அனுப்பியாச்சு.

— அதென்னப்பா நியாயம்? ஒரு கார் நீளத்துல ஒரு ஆளை வெளிய தள்ளுவியா?

— சேலத்துக்கு விளையாடவா போறோம் பாய்? ஜெயிக்கப் போறோம். அவ நல்லா ஓட்டறா, யாரு இல்லைன்னா? என்னைய விட நல்லாவே ஓட்டறான்னு வேணும்னாலும் சொல்றேன். அவ கிட்ட இருக்கறது சரியில்ல. ரூலுன்னா ரூலு.

— வுடுங்க பாய். அவர் டீமு, அவர் ரூலு. ஆனா மாமா, ஒண்ணு சொல்றேன். எனக்கு அந்த எடம் ரொம்ப வேணும்னு இருந்துச்சு. சும்மா இல்ல, ராத்திரி பகலா அதையே நெனச்சேன். நீங்க ரோட்டைப் பாக்காம பெட்டியப் பாத்து ஆள் எடுக்கறீங்க. அது தப்புன்னு உங்களுக்கே ஒரு நாள் தெரியும். செங்கல்லை எங்க வெக்கட்டும் பாய்?

— அங்கயே இருக்கட்டும்மா, லேப்டாப்பு ஆறட்டும். தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது பாரு. பாவம், உயிரைக் குடுத்து ஓடியிருக்குது. தம்பி, உன்தையும் கொஞ்ச நேரம் கழிச்சே அணைக்கலாம், கார்டு நல்லா சூடாயிருக்கும்.

— நம்ம கார்டு சூடே ஆவாது பாய். தொட்டுப் பாருங்க வேணும்னா. ராசா மாதிரி.

— பின்னாடி கை வெக்கக் கூடாதுன்னியே?

— ஜெயிச்சாச்சு, வெச்சுக்குங்க.

— அரே. நெசமாவே சில்லுன்னு இருக்குது. ஏம்ப்பா, இவ்வளவு நேரம் மழையில ஓட்டியிருக்கற, பின்னாடி அனல் காத்து அடிக்கணுமே? பாப்பா, அந்த டார்ச்சைக் கொஞ்சம் காட்டும்மா. பெட்டியத் திருப்பறேன்.

— காட்டறேன் பாய். இன்னும் கீழயா? ஏன் பாய் கார்டுல வயரு சொருகற வாயெல்லாம் கருப்பா ரப்பர் வெச்சு அடைச்சிருக்குது?

— அது கம்பெனி மூடி புள்ள. புதுச் சாமான்ல வர்றது. அதை எவனாவது புடுங்குவானா? நம்ம வண்டி சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் கவரையே நான் இன்னும் பிரிக்கல. கார்டோட வாய் நாலுலயும் மூடி அழகா இருந்துச்சு, கழட்டுனா புதுசு போயிரும்னு வுட்டுட்டேன். மேல வேற ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு, அதே சைஸு. அதுல சொருகினேன், படம் பளிச்சுன்னு வந்துருச்சு.

— வரும் தம்பி. வராம எங்க போவும்? எப்ப சொருகுன இப்பிடி?

— வாங்குன அன்னிக்கு. ரெண்டு ஆயுத பூசை ஆச்சு. ஏன் பாய் அப்பிடிப் பாக்கறீங்க?

— பெட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழட்டறேன், இரு. பாத்தியா? கார்டுக்குக் கரண்டு குடுக்கற வயரு. இதையும் கட்டு பிரிக்காமத்தான் வெச்சிருக்கற.

— அது ஸ்பேர் வயருன்னு நெனச்சேன். எதுக்குங்க பாய் அது? கலை, நீ ஏன் வாயப் பொத்திக்கிட்டு நிக்கற?

— தம்பி, ஒக்காரு. ஸ்டூல்ல ஒக்காரு மொதல்ல. நீ சொருகி வெச்சிருக்கற அந்த மேல் ஓட்டை கார்டோடது இல்ல. மதர்போர்டோடது. இந்தக் கார்டு பொறந்ததுல இருந்து ஒரு படம் கூட வரையல. ரெண்டு வருசமா நீ ஜெயிச்சது, இன்னிக்கு இந்தப் பொண்ணைத் தோக்கடிச்சது, எல்லாமே இன்பில்ட்லதான்.

— இல்ல பாய். இல்ல. இன்பில்ட்ல... இன்பில்ட்ல அந்த மழையெல்லாம்...

— ஓடுதுங்க மாமா. என்னைய விட ஒரு கார் நீளம் முன்னாடியே ஓடுது. தண்ணி குடிங்க, குடிச்சுட்டு அந்தப் போனை எடுங்க. அல்லாரும் உங்க வாய்ஸைக் கேட்டுட்டாங்க. இப்ப சொல்லுங்க, ரூலை மாத்திக்கலாமா, கேப்டனை மாத்திக்கலாமா?